சலேத்து சுட்ட பீச் பை

மஞ்சக்கல் மலையில் அந்த வருஷம் சலேத்து சுட்டெடுத்த பீச் பைகள் ஆறவே இல்லை. வைகாசியில் அடுப்பை விட்டு வெளியே வந்தவை ஆடிச் சாரலிலும் சுட்டன, ஐப்பசி அடைமழையிலும் சுட்டன, மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாய் விறைத்துக் கிடந்த காலையிலும் தொட்டவன் கையை உதறினான். உள்ளே பழம் கெடவில்லை, மேலே ஓடு நமுத்துப்போகவில்லை, மூடியில் அவள் கத்தியால் கீறிவிட்ட இடத்தில் ஆவி வந்துகொண்டே இருந்தது. பை என்றால் தோளில் மாட்டுகிற பை அல்ல. வெண்ணெய் போட்டுப் பிசைந்த மைதாவைத் தட்டில் விரித்து, அதற்குள் பழத்தை நிரப்பி, மேலே இன்னொரு மாவு மூடி போட்டு விறகடுப்பில் சுடுவது. வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் மலைக்குக் கொண்டுவந்த பண்டம், அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் ஊர் நாக்கை விட்டுப் போகவில்லை. இவை ஏன் ஆறவில்லை என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உதவியாக இருக்கிற பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற வழக்கம் மஞ்சக்கல்காரர்களுக்குக் கிடையாது, கேட்டிருந்தால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

சங்கடம் முந்தின வருஷத்து மாதா திருவிழாவில் தொடங்கியது. உருளைக்கிழங்குக் கிடங்கும் லாரிகளும் வைத்திருந்த தனிஸ்லாஸ் முதலாளி, திருவிழாக் கமிட்டிக்கும் அவரே தலைவர், ஊருக்கெல்லாம் தன் செலவில் கறிச் சாப்பாடு போட்டார். அந்தக் கறி மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டதில் லாரிக்குள்ளேயே ஒரு முழுப் பகல் வெந்து வந்த கறி. பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் மூக்கு இருந்தது, கரண்டி இலைக்கு மேலே வரும்போதே வாடை தெரிந்தது; ஆனாலும் முதலாளி போடுகிற சாப்பாட்டை நாறுகிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றார்கள், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கித் தின்றவர்களும் உண்டு. பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் வாந்தியும் பேதியுமாய்ச் சுருண்டது. மறுநாள் தனிஸ்லாஸ் கோயில் வாசலில் நின்று, கறியில் ஒரு குறையும் இல்லை, கறியோடு வைத்த ரொட்டிதான் கெட்டது, பேக்கரிக்காரன் சூசைமாணிக்கம் புழுத்த மாவைப் போட்டுவிட்டான் என்றார். சூசைமாணிக்கம் சலேத்துவின் புருஷன். அந்த ரொட்டி அன்று காலையில் சுட்டது, அதன் வாசனை தெருவைத் தாண்டிப் போனபோது ஊரே எச்சில் விழுங்கியது. இருந்தும் கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அவன் கை பட்ட எதையும் யாரும் வாங்கவில்லை. சூசைமாணிக்கம் தினமும் அடுப்பு மூட்டினான், தினமும் ரொட்டி சுட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினான், சாயங்காலம் அதே ரொட்டியை எடுத்துவந்து வீட்டில் உட்கார்ந்து தானே தின்றான். நல்லாத்தானே இருக்கு சலேத்து, என்று ஒவ்வொரு வில்லையையும் தின்றுவிட்டுக் கேட்டான். நல்லாத்தான் இருக்கு, என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். தைப் பனியில் பிடித்த இருமல் மாசியில் அவனைக் கொண்டுபோய்விட்டது. சாவுக்கு ஊர் வந்தது, பெட்டியைத் தூக்கியது, மண் போட்டது. அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு டீயும் பன்னும் கொடுப்பது மஞ்சக்கல் வழக்கம். சலேத்து அழுத கண்ணோடு மாவு பிசைந்து சுட்ட பன்னை ஒருவர் தொடவில்லை, டீ டம்ளர்கள் பெஞ்சில் ஆடை படிந்து நின்றன. புருஷன் போனதைக்கூட அவள் என்றாவது பொறுத்துக்கொண்டிருப்பாள், அந்த டம்ளர்களைப் பொறுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

வைகாசி வந்தது. பேக்கரிக்குப் பின்னால் நின்ற பீச் மரம், அதைப் பிச்சிஸ் என்றுதான் ஊர் சொல்லும், கிளைக்கு முட்டுக் கொடுக்கிற அளவு அந்த வருஷம் காய்த்துத் தள்ளியது. சலேத்து கன்னம் சிவந்த பழங்களாகப் பார்த்துப் பறித்தாள், கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துத் தோலை உரித்தாள், மடிப்போடு கத்தியை ஓட்டி இரண்டாய்த் திருகிக் கொட்டையை எறிந்தாள், சர்க்கரையும் பட்டைத் தூளும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பிசறினாள், சீகை மரத்து விறகை எரித்துத் தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு நீண்ட மரத் துடுப்பில் தட்டுகளை ஏற்றி அடுப்புக்குள் விட்டாள், இரும்புக் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது வாய்விட்டே சொன்னாள்: "எம் புருசன் ரொட்டிய வேணாம்னு சொன்ன வாயி அத்தனையும் வேகட்டும்." எத்தனை வீடு அவனுக்குக் கதவைச் சாத்தியதோ அத்தனை பை சுட்டாள். ஊர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருந்தபோது வீட்டுக்கு வீடு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள், தனிஸ்லாஸ் வீட்டுப் படியில் எல்லாவற்றிலும் பெரிதை வைத்தாள். தனக்கென்று ஒன்று சுடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அலறல் கேட்கக் காத்திருந்தாள்.

அலறல் கேட்கவில்லை. தின்ன முடிந்தால்தானே அலறுவதற்கு. கத்தியை வைத்தால் கத்திப் பிடி கொதித்தது, ஊதினால் ஊதிய வாய்தான் வலித்தது. தூக்கியெறியலாம் என்று சாக்கில் பிடித்து எடுத்தவர்களுக்கு, அன்றைக்குப் பார்த்துச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளங்கைக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. சரி, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள்.

முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி குழந்தைத் தெரசு, பெயர்தான் குழந்தை. மலைக் குளிரில் இட்லி மாவு பொங்காது, கம்பளியைச் சுற்றி வைத்தாலும் மறுநாள் சாயங்காலம்வரை பச்சை மாவாகவே கிடக்கும். அவள் மாவுச் சட்டியைப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள், விடியும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அப்புறம் கேட்கவா வேண்டும். ஒரு வீட்டில் தயிர் உறைந்தது, ஒரு வீட்டில் மழைக்காலம் முழுக்க ஈரம் காயாத காலுறைகள் காய்ந்தன, ஒரு வீட்டில் அடைகாக்காமல் ஓடிப்போன கோழியின் முட்டைகள் பையைச் சுற்றி வைத்த வைக்கோலில் பொரிந்து, குஞ்சுகள் பையையே தாய் என்று நினைத்து அதைவிட்டு நகர மாட்டேன் என்றன. மூட்டுவலிக்காரர்கள் சாக்கில் சுற்றி முழங்காலில் கட்டிக்கொண்டார்கள். மலைப் பேருந்து ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பங்குச் சாமியார்கூட, அவர் வீட்டுப் படியிலும் சலேத்து ஒன்று வைத்திருந்தாள், சனம் வந்து பாவத்தைச் சொல்லக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் காலடியில் அதை வைத்துக்கொண்டார், அந்த வருஷம் நீளமான பாவங்களையும் பொறுமையாகக் கேட்டார் என்று சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், அவளுக்கு நன்றி சொன்னார்கள். "சலேத்தக்கா, ஒங்க புண்ணியத்துல எங்க வீட்டுல இட்லி பூ மாதிரி வருதுக்கா," என்று குழந்தைத் தெரசு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னபோது சலேத்துவுக்கு அவள் கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. வயிறெரிந்து சுட்டதைக் கொண்டுபோய் மாவு பொங்க வைத்திருக்கிறார்களே, இவர்களை என்ன செய்தால் தகும் என்று அவள் மரத்தடியில் நின்று பல்லைக் கடித்தாள். அவள் வீட்டில் மட்டும்தான் அந்த மழைக்காலத்தில் துணி காயவில்லை.

கார்த்திகை வாக்கில் ஊருக்கு ஒரு பயம் பிடித்தது. இந்தச் சூடு எதில் நிற்கிறது என்பது அவரவர் மனசுக்கு அரசல்புரசலாகத் தெரியும், வாய்விட்டுப் பேசும்போது மட்டும் பழி முழுவதையும் தனிஸ்லாஸ் தலையில் ஏற்றிவிட்டார்கள்: அவர் சொன்ன பொய் இருக்கிறவரை சூடு இருக்கும், அவர் உண்மையைச் சொன்ன நிமிஷம் எல்லாப் பையும் சில்லிட்டுப் போகும். இதில் என்ன வேடிக்கை என்றால், தனிஸ்லாஸுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அவர் மனைவி பெரிய பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள், அவரோ மேலே கிடந்து தோசைக்கல்லில் போட்டமாதிரி புரண்டார். மனுஷன் இளைத்து, சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் போனது.

சலேத்து நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போனாள். "மொதலாளி, எனக்கு வேறெதும் வேணாம். கோயில் வாசல்ல நின்னு பொய் சொன்னீங்க. அதே எடத்துல நின்னு நெசத்தைச் சொல்லுங்க. எம் புருசன் பேரு நல்ல பேரா மண்ணுக்குள்ள கெடக்கட்டும்."

"சொல்லணும்னுதான் இருக்கேன் சலேத்து," என்றார் தனிஸ்லாஸ். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "இவனுங்க விட மாட்டேங்குறானுங்க."

விடவில்லைதான். அவர் கோயில் பக்கம் திரும்பினாலே யாராவது டீ குடிக்கக் கையைப் பிடித்து இழுத்தார்கள். பூசையில் அவருடைய முதல் வரிசை நாற்காலி கடைசித் தூணுக்குப் பின்னால் போனது. மைக், சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் பாக்கியநாதன் பொறுப்பு, தனிஸ்லாஸ் எழுந்தால் மைக் செத்துப்போகும்படி அவர் பார்த்துக்கொண்டார். பாக்கியநாதன் வீட்டில் மகள் நிறைமாசமாக இருந்தாள், பனிக்காலத்தில் பிரசவம், அந்த வீட்டுக்குச் சூடு வேண்டியிருந்தது. ஒரு நாள் தனிஸ்லாஸ் பொறுக்க முடியாமல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சாமியார் காதில் எல்லாவற்றையும் கொட்டினார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிப் பையைத் தொட்டுப் பார்த்தது. சுட்டது. காதுக்குள் சொன்னது கணக்கில்லை என்று தெரிந்ததும் ஒரே நிம்மதி. மொதலாளி, எத்தனை தடவ வேணும்னாலும் தொட்டியில சொல்லிக்கங்க, அதுக்கு யாரு தடுத்தா, என்று பெரியமனசு பண்ணி அனுமதி கொடுத்தார்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்து வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலை, உறைபனி கோயில் கூரையிலேயே படிந்திருந்தது. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது தனிஸ்லாஸ் தூணுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, இழுத்த கைகளை உதறி, அதே வாசல்படியில் ஏறி நின்றார். பாக்கியநாதன் கண்ணைக் காட்டியதும் பாடகர் குழு எடுத்த எடுப்பில் உச்சக் குரலில் பாட்டைத் தொடங்கியது. தனிஸ்லாஸ் அதற்கு மேலே கத்தினார், லாரிக்காரர்களை அதட்டிப் பழகிய தொண்டை அது: "கறிதான் கெட்டது. எனக்குத் தெரிஞ்சே போட்டேன். ரொட்டி கெடல. சூசைமாணிக்கம் கெடல." பாட்டு பாதியில் நின்றது. சலேத்து கூட்டத்துக்கு நடுவில் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வார்த்தைக்காக அவள் ஒரு வருஷம் எரிந்திருக்கிறாள், கேட்டதும் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் சூசைமாணிக்கம் இல்லை, எல்லாரும் வீட்டில் இருக்கிற பையை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடினார்கள். தனிஸ்லாஸ் வீட்டுப் பை ஆறியிருந்தது, அவர் அதை வெட்டித் தின்று, விசும்பிக்கொண்டே தின்று, அன்று மத்தியானமே நடு வீட்டில் படுத்துத் தூங்கிப்போனார். மற்ற வீடுகளில் ஒரு பையும் ஆறவில்லை. ஊர் முதலில் சந்தோஷப்பட்டது, பிறகு காரணம் கேட்கக் கூட்டமாகச் சலேத்து வீட்டுக்கு வந்தது.

"அவரு சொன்னதுக்கு ஆறுனது அவரு பை," என்றாள் சலேத்து. "ஒங்களுக்கெல்லாம் அன்னைக்கு மூக்கு இருந்துச்சுல்ல. மோந்தீங்கல்ல. வாசல்ல நிக்கும்போது ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களா? அது ஒங்க ஒங்க பை. வந்து எங்கிட்டச் சொல்லுங்க, ஆறிப்போகும். இந்த வாசல்லயே இருக்கேன்."

ஒருவரும் சொல்லவில்லை. பனி வேறு அப்படி அடித்தது, யார் போய்ச் சூட்டைத் தொலைப்பார்கள். தெரிந்தே அந்தப் பையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள், தெரிந்தே அதில் மாவைப் பொங்க வைத்துத் தின்றார்கள். சலேத்து தினமும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், குளிர்தான் உள்ளே வந்தது.

ஒரு நாள் சாமியார் வந்தார், கூடவே பாக்கியநாதனும். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சலேத்தம்மா, மன்னிக்கிறது பெரிய காரியம், நானே பிரசங்கத்துல அதைத்தான் சொல்றேன்," என்று ஆரம்பித்து நிறுத்தினார். மிச்சத்தைப் பாக்கியநாதன் சொன்னார். "தாயி, நீ திடீர்னு மனசு எறங்கி எல்லாரையும் மன்னிச்சுட்டா அதுலயும் பை ஆறிப்போகும்னு சனம் பயப்படுது. மாசி முடியட்டும். பனி போகட்டும். அதுக்கப்புறம் நீ தாராளமா மன்னிச்சுக்க. எம் மகளுக்கு நேத்துத்தான் கொழந்த பொறந்திருக்கு."

சலேத்து அவர்கள் போன பிறகும் அங்கேயே நின்றாள். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு, அந்தப் பருவத்திலேயே கொடிய பனி விழுந்த காலை, குழாயில் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. பூசை முடிந்ததும் சலேத்து கோயில் வாசல்படியில் ஏறினாள். குளித்து, சூசைமாணிக்கம் வாங்கிக்கொடுத்த நீலச் சேலை கட்டியிருந்தாள். "குழந்தைத் தெரசு வீட்டை மன்னிச்சேன்," என்றாள். அங்கே தெரசு வீட்டில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் பை சட்டென்று ஆறியது. "கிடங்குக் கணக்கப்பிள்ளை வீட்டை மன்னிச்சேன். பஸ் டிரைவர் வீட்டை மன்னிச்சேன். சாமியார் வீட்டையும் மன்னிச்சேன்." மன்னிப்பதற்கு மனசு இளகியிருக்க வேண்டும் என்று எவன் சொன்னது. அவள் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னித்தாள், அந்த மலையில் யாரும் யாரையும் அவ்வளவு ஆத்திரத்தோடு மன்னித்ததில்லை. வேண்டாம்க்கா, நிறுத்துக்கா என்று பெண்கள் காலைப் பிடித்தார்கள். அவள் குரல் கேட்காதபடி பாக்கியநாதன் ஓடிப்போய்க் கோயில் மணிக்கயிற்றை இழுத்து இழுத்து அடித்தார். அவர் அடித்தது வீண், மன்னிப்பு வேலை செய்ய அதை யாரும் கேட்கவேண்டியதில்லை.

கடைசியில் அவர் வீடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து படிக்குக் கீழே நின்றார், மூச்சு வாங்கியது. "எங்க வீட்டை மட்டும் விட்டுரு தாயி. பச்சப்புள்ள தாங்காது."

சலேத்து அவரை உற்றுப் பார்த்தாள். "சரி. ஒங்கள மன்னிக்கல. போங்க."

"ரொம்ப நன்றி தாயி," என்று இரண்டு கையையும் கூப்பினார் பாக்கியநாதன். கூப்பிய கையோடு வீட்டுக்குப் போனார்.

அன்று மஞ்சக்கல்லில் மாவு பொங்கவில்லை, பால் தயிராக உறையவில்லை, பனியில் நனைந்த விறகு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளில் தின்ன ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதலில் ஒரு வீட்டில் கத்தி வைத்தார்கள், பிறகு அடுத்த வீட்டில். உள்ளே பழம் அன்று பறித்ததுபோல் இருந்தது. சூசைமாணிக்கத்தின் அடுப்பில் வெந்ததைத் தொட மாட்டோம் என்ற ஊர், அத்தனை வாயும், அவன் அடுப்பில் வெந்ததைத் தின்றது, தட்டை வழித்துத் தின்றது, ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. சலேத்து தெருவில் மெதுவாக நடந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கரண்டிச் சத்தத்தைக் கேட்டாள். யாரும் வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

பனி போய், பங்குனி வெயில் ஏறிய ஒரு மத்தியானம் பாக்கியநாதன் பேக்கரி வாசலில் வந்து நின்றார். கையில் சாக்குத் துணியில் சுற்றிய பை, ஆவி வந்துகொண்டிருந்தது. பேத்தி நன்றாக இருக்கிறாள் என்றார், தலை நிற்கிறது என்றார். சலேத்து தணல் வாருவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"பந்தியில ஒம் புருசன் எம் பக்கத்து எலையிலதான் உக்காந்திருந்தார்," என்றார் பாக்கியநாதன். "கறி எலையில விழுந்ததும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் வாசல்ல பேசாம நின்னேன்."

துணிக்குள் ஆவி நின்றது. ஊரில் அவ்வளவு பேரில் அவளிடம் வந்து அதைச் சொன்னவர் அவள் மன்னிக்காமல் விட்ட அந்த ஒருவர்தான். சலேத்துவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, புருஷனைப் புதைத்த அன்று வந்ததைவிட அதிகமாக வந்தது, அவள் அதை மறைக்கவில்லை. அழுதுகொண்டே பெஞ்சைத் துடைத்தாள், தட்டு எடுத்துவைத்தாள், டீ போட்டு டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். பையை வெட்டினாள்.

"தின்னுங்க," என்றாள். "எந்திரிக்கக் கூடாது. முழுசாத் தின்னுங்க."

அவர் தின்றார். கடைசித் துண்டை விழுங்கி டீயின் கடைசிச் சொட்டையும் குடிக்கிறவரை அவள் எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.